சர்ச் வயோலில் பிற்காலத்தில் செய்த மாற்றங்கள்

ஜனவரி 12

மார்மலேட் பாட்டில் இன்றும் என்னை ஜெயித்துவிட்டது. முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகினேன். திறந்தது. திறந்த வேகத்தில் தரைக்குப் போனது. வெறும் டோஸ்ட்டைத் தின்றேன்.

தரையைத் துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அப்படி இடுக்கினேனே, அது வில்லால் வாசிக்கும் பழைய தந்தி வாத்தியமான பேஸ் வயோலின் பிடி. செல்லோக்காரர்களைப் போல ஆணியை ஊன்றி நிறுத்தும் சொகுசு எங்களுக்கு இல்லை. ஆறு தந்தியும் அந்தப் பெரிய வயிறும் கால்களின் பிடியில்தான் நிற்க வேண்டும். கால்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இடது கைக்குத்தான் ஒன்றும் நினைவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெவர்லி அப்படிச் சொல்லக்கூடாது என்கிறாள். "கை மறக்கலை டீச்சர். மெயின் ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு. சந்து பொந்துல சுத்தி வரணும், அவ்வளவுதான்."

உதாரணம் சொல்லியே பிழைத்தவள் நான். இப்போது எனக்கு ஒருத்தி உதாரணம் சொல்கிறாள். நல்ல உதாரணம்தான். ஆனால் இலையுதிர் காலத்தில், பக்கவாதம் வந்த அன்று விழுந்த மரம். இன்னும் யாரும் அகற்றவில்லை.

தோள் எழுகிறது. முழங்கை மடங்குகிறது, நீள்கிறது. மணிக்கட்டு ஓரளவு. விரல்கள் யாரோ மேஜைமேல் மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை.

ஜனவரி 19, வியாழன்

வியாழன்தோறும் பிலிப்பா வீட்டில் மூன்று பேர் வாசிப்போம். அவள் மேல் வயோல், டெஸ்மண்ட் நடு வயோல், நான் பேஸ். இப்போது அவர்கள் இரண்டு பேர்.

டெஸ்மண்ட் சூப் கொண்டுவந்தார். மருந்துக்கடை வைத்திருந்தவர், சூப்பையும் மருந்து போலத்தான் செய்வார்.

"எப்படிப் போகுது?" என்றேன்.

"அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி இருக்கு. பிலிப்பா கூரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் ஜன்னல். காத்து வருது."

சிரித்தேன். அவர் போன பிறகு சூப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். அவர் என்ன பாவம் செய்தார்?

ஜனவரி 27

என் வயோலை விற்றுவிட்டேன். லீட்ஸிலிருந்து ஒரு பெண் வந்து எடுத்துப்போனாள். நன்றாக வாசித்தாள். பெட்டியைக் காரில் ஏற்றும்போது நான் வாசலுக்குப் போகவில்லை.

பிலிப்பா போன் செய்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்ல!"

அதனால்தான் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

வயோல் நின்ற மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 14

கிளைவ் லெக் வந்தான். மாட்டுப்பண்ணைக்காரன், சர்ச்சுக்கு நிர்வாகி, ஐம்பது தாண்டியாயிற்று. மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்ததால் இன்னும் 'மிஸ்'. குதிரைப் போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜைமேல் கிடத்தினான்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. சர்ச்சின் உள்ளறைக் கதவுக்கு மேல் கரிய பழைய வாத்தியம் ஒன்று தொங்குமே, அது.

"உள்ளறைக்குப் பூச்சு பூசறோம் மிஸ். அதை எடுத்து ஓரமா வைக்கணும். மேலிடத்துல, பழைய பொருள் ஒவ்வொண்ணுக்கும் முழு விவரம் எழுதி அனுப்புங்கன்னுட்டாங்க. என்ன மரம், என்ன வயசு, எப்ப எப்ப யாரு கை வச்சாங்க, எல்லாம். எனக்கு மாட்டைப் பத்தி எழுதச் சொன்னா எழுதுவேன்."

"இது பிலிப்பா ஏற்பாடா?"

பூட்ஸைப் பார்த்தான். பொய் சொல்லும்போது எட்டு வயதிலும் பூட்ஸைத்தான் பார்ப்பான்.

"எங்க தாத்தா இதை 'செத்த மாடு'ம்பாரு, மிஸ்."

எடுத்துப்போ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டான்.

பிப்ரவரி 20

ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டேன். இன்று போர்வையை விலக்கினேன்.

பிள்ளைகளுக்கு நத்தையைக் கொடுத்து எழுதச் சொல்லும்போது தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வேன். இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் நினைத்தது. 'நத்தை மெதுவாகப் போகிறது' பார்த்தது. 'நத்தைக்குச் சோகம்' நினைத்தது. அதே முறையைத்தான் எனக்கும் வைத்துக்கொண்டேன்.

பார்த்தது: தந்தி இல்லை. தந்திகளைத் தாங்கும் குதிரை இல்லை. உள்ளே நிற்க வேண்டிய சிறு மரத்தூண் எப்போதோ விழுந்து காணாமல் போயிருக்கிறது. தோள்கள் சரிந்து கழுத்தில் சேர்கின்றன. முதுகு தட்டை; கழுத்துக்குக் கிட்டே மட்டும் உள்நோக்கி மடிந்திருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்களில் சர்ச்சில் வாசித்த எந்தச் செல்லோவையும் 'பேஸ் வயோல்' என்றே சொல்லிவந்தார்கள். அதனால் இதுவும் யாரோ தச்சர் செய்த செல்லோதான் என்று பிலிப்பா எப்போதும் சொல்வாள். ஆனால் செல்லோவின் முதுகு தட்டையாக இருக்காது. தந்தியை முறுக்கும் பிரடைகள் செருகும் தலைப்பகுதியைத் துணியால் துடைத்தேன். ஆறு துளைகள். அதில் இரண்டில், மரத்துக்குள் வேறு மரம் மோதிரம்போல் தெரிகிறது. ஒருகாலத்தில் அடைத்து, மறுபடி துளைத்திருக்கிறார்கள்.

இது வயோலேதான். முந்நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

தொலைபேசியில் சொன்னேன். பிலிப்பா துளைகளை மறுபடி எண்ணச் சொன்னாள். பிறகு, "சரி, நான் தப்பு. தேதி போட்டு எழுதி வச்சுக்கோ, இது அடிக்கடி நடக்காது" என்றாள்.

பிப்ரவரி 28

பிற்கால மாற்றங்கள், இதுவரை:

முதலாவது: சர்ச்சில் வாத்தியக்குழு இருந்த காலத்தில் ஆறு தந்தியை நான்காக்கியது. இரண்டு துளைகளை அடைத்திருக்கிறார்கள். பெரிய சத்தம் வேண்டியிருந்தது, பாவம். முழு ஊரும் பாடும்போது ஆறு மெல்லிய தந்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாவது: அடியில் ஆணிக்குத் துளை. முழங்கால் வலித்த யாரோ.

மூன்றாவது: கறுப்பு வர்ணம். புகைக்கறையையும் விரிசலையும் மறைக்க.

நான்காவது: இரண்டு போர்களுக்கு நடுவே இருந்த பாதிரியார் மறுபடி ஆறு தந்தியாக்கியது. அடைப்பைத் துளைத்து, கழுத்தில் விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் மெட்டுகளை நரம்பால் கட்டியிருக்கிறார். முடிச்சு அலங்கோலம். மனுஷனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

எழுதும்போது ஒரு மணி நேரம் கையை மறந்திருந்தேன். பிறகு தாளைப் பிடித்துக்கொள்ள இடது கையை நீட்டினேன். தாள் தரையில்.

மார்ச் 2, வியாழன்

ஒன்றும் எழுதவில்லை. படுத்திருந்தேன். எதற்கு எழுந்திருக்க வேண்டும்? யாராவது ஒரு காரணம் சொல்லுங்களேன். ஒரே ஒரு காரணம்.

மார்ச் 6

பெவர்லி முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கொண்டுவந்தாள். மேஜை நடுவில் நிமிர்த்தி வைத்தாள். இடது கை கண்ணாடிக்குப் பின்னால், கண்ணில் படாமல். வலது கை முன்னால். "கண்ணாடியை மட்டும் பாருங்க டீச்சர். இப்ப விரல விரிங்க."

விரித்தேன். கண்ணாடிக்குள் என் இடது கை விரிந்தது. என் இடது கை! விரல் விரலாக, மோதிர விரலில் மட்டும் மோதிரம் இல்லாமல்.

அழுதுவிட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தினமும் செய்ய வேண்டுமாம். மூளையை ஏமாற்றுவதாம். கண்ணாடி இடத்தை வலமாக்கும். ஆம்புலன்ஸின் நெற்றியில் எழுத்துகளைத் திருப்பி எழுதுவது எதற்கு என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அந்தப் பாடம் என் கைக்கே பயன்படும் என்று யார் நினைத்தார்கள்?

மார்ச் 9

 

பல் டாக்டரிடம் பழைய வாய்க்கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கியிருந்தேன். சின்ன டார்ச்சை நூலில் கட்டி அடித்துளை வழியாக வயோலுக்குள் தள்ளினேன். வலது பக்கத்து ஒலித்துளையில் கண்ணாடியை நுழைத்து, முகப்பலகையின் அடிப்புறத்தைப் பார்த்தேன். நடுவில் இரண்டு பலகைகள் சேரும் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம், நீளவாக்கில் ஒட்டிய சட்டம்.

கண்ணாடியில் இடது. அப்படியென்றால் உண்மையில் வலது. படம் வரையும்போது திருப்பி, வலப்பக்கம் வரைந்தேன்.

வரைந்த பிறகு பென்சிலைக் கீழே வைத்தேன்.

அந்தச் சட்டம் தடித்த தந்திகளுக்குக் கீழேதான் இருக்கும். அவற்றின் பாரத்தைத் தாங்கத்தான் அது. வாத்தியத்தை எதிரே வைத்துப் பார்த்தால் தடித்த தந்திகள் இடப்பக்கம், சட்டமும் இடப்பக்கம். எல்லா வயோலிலும். எல்லாச் செல்லோவிலும்.

இதில் வலப்பக்கம்.

யாரோ முகப்பைத் திறந்து சட்டத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். எதற்காக? தந்திகளை இடம் வலம் மாற்றிக் கட்ட. எதற்காக? வலது கை விரல்களால் தந்தியை அழுத்தி, இடது கையால் வில் போட.

மார்ச் 10

பிலிப்பாவிடம் சொன்னேன். "இருக்கவே முடியாது. வயோல்ல இடது கைக்காரங்க வலது கைக்காரங்கன்னு வித்தியாசமே கிடையாது. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் பழகுவாங்க. உனக்குத் தெரியாதா?"

"அப்ப இந்த ஆள் மட்டும் ஏன்?"

"தெரியலை. கையில ஏதாவது ஆகியிருக்கணும், அதனால..."

நிறுத்திவிட்டாள்.  தொலைபேசியில் அவள் வீட்டுக் கடிகாரம் கேட்டது.

மார்ச் 17

அவர் யார்? சர்ச் வாத்தியக்குழுவில் வாசித்தவர். வைக்கோல் வெட்டும் கத்தி; அல்லது வண்டிச் சக்கரம்; அல்லது என்னைப் போல ஒரு காலையில் எழுந்து காலுறையை மாட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தவர். விரல் போயிற்று, தோள் இருந்தது. வில் போடத் தோளும் முழங்கையும்தானே முக்கியம்? விரல்கள் சும்மா பிடித்துக்கொண்டால் போதும். பிடிக்க முடியாவிட்டால் கட்டிக்கொள்ளலாம். அவரும் கட்டிக்கொண்டிருப்பார். ஊர்க்காரர்கள் சிரித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து வாசித்திருப்பார்.

இதெல்லாம் 'நினைத்தது' பக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் 'பார்த்தது' பக்கம்.

முதல்முறையாகத் தட்டில் இருந்த முழுவதையும் சாப்பிட்டேன்.

மார்ச் 30, வியாழன்

டெஸ்மண்ட் தன் பழைய வில்லைக் கொண்டுவந்து, பட்டையால் என் இடது கையோடு சேர்த்துக் கட்டினார். வயோல் வில்லை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கப் பிடிப்பதால் கட்டுவது சுலபமாக இருக்கிறது. முழங்கால்களுக்கு நடுவில் துடைப்பம். காம்பில் மெட்டு இருக்க வேண்டிய இடங்களில் நூல் கட்டியிருக்கிறேன். வலது கை விரல்களுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

"துடைப்பத்துக்குச் சுருதி சேர்த்தாச்சா அம்மணி?"

"சேர்த்தாச்சு. உங்க நடு வயோலைவிட நல்லா நிக்குது."

"வாய்க்கு மட்டும் பக்கவாதம் வரலை பாரு!"

வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஏப்ரல் 21

பிரிட்போர்ட்டில் வாத்தியங்களைப் பழுது பார்க்கும் இமோஜனிடம் பேசியாயிற்று. புதுக் குதிரை, புதுத் தூண், தந்திகள், எல்லாம் இடம் வலம் மாற்றி. சட்டம் ஏற்கெனவே அந்தப் பக்கம் இருப்பதால் மரத்தைத் தொடவே வேண்டாம்.

ஆனால் வயோல் சர்ச்சுடையது. கிளைவ் சர்ச் நிர்வாகக் குழுவில் பேசினான். அங்கே பெரிய சண்டையாம். நல்ல பழம்பொருளைத் தலைகீழாக்குவதா என்று.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் மிஸ். அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு, மிஸ்ஸே உள்ள பாத்துட்டாங்கன்னேன். உடனே எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க பாத்துட்டா அப்புறம் என்ன!"

மே மாதக் கடைசியில் இமோஜன் வருகிறாள். துடைப்பத்தில் ஒரு முழு நடனப் பாட்டு வாசித்துவிட்டேன். சத்தம் வராதது நல்லதே.

மே 16

கண்ணாடி சரிந்துவிட்டது.

பெவர்லி நிமிர்த்தி வைக்கும் கண்ணாடி. பயிற்சி நடுவில் சரிந்து மேஜைமேல் மல்லாந்தது. வலது கை அதற்கு மேலே நின்றது. குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் என் உள்ளங்கை. கட்டைவிரல் இடப்பக்கம். மேலே என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் இடப்பக்கம்.

மாறவில்லையே.

ஒரு ஸ்பூனைப் பிடித்தேன். இடப்பக்கம் பிடித்தால் இடப்பக்கம். வலப்பக்கம் கொண்டுபோனால் வலப்பக்கம். மேல் கீழாகிறது. இடம் வலமாகவில்லை.

ஊர்க்குளம். இடது கரையில் நிற்கும் வில்லோ மரம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், ஆனால் இடது கரையிலேயே தெரியும். வாத்து எந்தப் பக்கம் நீந்துகிறதோ அந்தப் பக்கமே அதன் நிழலும் நீந்தும். ஒவ்வொரு வசந்தத்திலும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். ஆம்புலன்ஸைக் காட்டிய எனக்குக் குளத்தைக் காட்டத் தோன்றவில்லை.

வயோலுக்குள் கண்ணாடி மல்லாந்துதான் கிடந்தது. சட்டம் இடப்பக்கம் தெரிந்தது, ஏனென்றால் அது இடப்பக்கம்தான் இருக்கிறது. திருப்பக்கூடாததைத் திருப்பினேன். கண் சரியாகப் பார்த்தது. பாடம் அதை அழித்து எழுதியது.

மறுபடி உள்ளே பார்த்தேன். இம்முறை இடது ஒலித்துளையில் ஒரு கம்பியை விட்டேன். அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், சட்டத்தில் இடித்தது.

யாருமே அதை மாற்றி வாசிக்கலை. யாருக்கும் கை போகலை. அப்படி ஒரு ஆளே இல்லை. இல்லாத ஆளுக்கு எதுக்கு இப்படி அழறேன்?

மே 18, வியாழன்

யாருக்கும் சொல்லவில்லை. டெஸ்மண்ட் வந்தார். தலைவலி என்றேன்.

மே 19

இதை எழுதியே ஆக வேண்டும்.

இமோஜனுக்குப் போன் செய்தேன். "சும்மா ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தேன். "ஒரு வயோல்ல உள்சட்டத்தை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாத்த முடியுமா?"

"முடியும். முகப்பைக் கழட்டணும், பழைய சட்டத்தைச் செதுக்கி எடுக்கணும், புதுசு ஒட்டணும். பழைய பலகைன்னா விரிசல் விடலாம். ஏன் கேக்கறீங்க? உங்களது ஏற்கெனவே வலப்பக்கம்தானே இருக்கு?"

பேசாமல் போனை வைத்துவிட்டேன்.

நான் என்ன செய்யப் பார்த்தேன்? என் படத்துக்கு ஏற்றபடி வயோலைத் திருத்தப் பார்த்தேன். முந்நூறு வருஷம் தாங்கிய மரத்தை, என் தப்பு தப்பில்லாமல் போவதற்காகத் திறக்கப் பார்த்தேன். நத்தைக்குச் சோகம் என்று எழுதிவிட்டு நத்தையைக் கிள்ளி அழவைப்பது போல.

ஆனால் அது இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? துடைப்பம் இருக்கிறது.

மே 22

பால் கறக்கும் நேரத்தில் கிளைவின் பண்ணைக்கு நடந்துபோனேன். மெஷின் இரைச்சலில் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. தப்பை மெதுவாகச் சொல்லும் வசதிகூட இல்லை.

"நீங்களா? தப்பாப் பாத்தீங்களா?"

"பாத்தது சரி. புரிஞ்சுக்கிட்டது தப்பு."

ஒரு மாட்டின் பின்பக்கத்தைத் தட்டினான். "அப்ப குழுவுக்கு நான் சொன்னது பொய்யாயிடுச்சு மிஸ்."

"ஆமா. உன்னைப் பொய் சொல்ல வச்சது நான்."

"மறுபடி அவங்ககிட்ட போகணும்." பிறகு, என்னைப் பார்க்காமல், "மிஸ், நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இமோஜன் தூணை நிறுத்தும்போது சட்டம் இடிச்சிருக்கும். தெரிஞ்சிருக்கும்."

"அதுக்காகவா சொன்னீங்க?"

 தெரியாது என்றே சொன்னேன்.

மே 29

குழு அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. விவரத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். சட்டம் பக்கம் மாறியது என்று ஐந்தாவது மாற்றமாகச் சேர்த்திருந்ததை அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்பதையும் குளத்து உதாரணத்தோடு எழுதினேன். கிளைவ் போர்வையில் சுற்றி எடுத்துப்போனான்.

ஜூன் 8, வியாழன்

பயிற்சி செய்யவில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஜூன் 20

மேஜை பெரிதாக இருக்கிறது.

ஜூன் 27

முடியல. பெவர்லி கதவைத் தட்டினா, திறக்கல. பிலிப்பா தட்டினா, திறக்கல. பிலிப்பா தபால் துளை வழியா வாயை வச்சு, "நீ உள்ள இருக்கேன்னு எனக்குத் தெரியும், உன் பிடிவாதம் இங்க வரைக்கும் வாசம் அடிக்குது"ன்னு கத்தினா. அப்பவும் திறக்கல. அவ போற சத்தம் கேட்டப்புறம் கதவுப் பக்கத்துல தரையிலேயே உக்காந்துட்டேன். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆச்சு. ஒரு கையால தரையிலேர்ந்து எழுந்திருக்கறது எப்படின்னு யாரும் சொல்லித்தரல.

ஜூலை 11

கிளைவ். திறக்கும்வரை தட்டினான். மாட்டுப்பண்ணைக்காரனுக்குப் பொறுமை அதிகம்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து நான் எழுதிக்கொடுத்த விவரத்தின் நகலை எடுத்தான். நான்காக மடித்து, சாணிக்கறையோடு.

"நேத்து குழு கூட்டம். இதை மேலிடத்துக்கு அனுப்பணும், அதுக்கு முன்னாடி எல்லாரும் கேட்டுக்கணும்னு நானே சத்தமாப் படிச்சேன். படிச்சிட்டே வரும்போதுதான் தோணிச்சு. ஒருத்தன் ரெண்டு துளையை அடைச்சான். ஒருத்தன் அடியில ஓட்டை போட்டான். ஒருத்தன் கறுப்பு அடிச்சான். பாதிரியார் மறுபடி துளைச்சாரு. ஒருத்தராவது யாரையாவது கேட்டாங்களா மிஸ்? ஒருத்தரும் கேக்கலை. அவங்கவங்களுக்கு வேணும்னு பண்ணிட்டாங்க. மரத்தைத் தொடாம பண்றேன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. உங்களுக்குத்தான் இல்லைன்னிருக்கோம்."

"நான் கேட்ட காரணம் பொய்யாச்சே."

"கேட்ட காரணம் உங்க கை, மிஸ். அது பொய்யா?"

மூன்றாம் வகுப்பில் இவனுக்குப் பெருக்கல் வராது.

"குழு என்ன சொல்லுச்சு?"

"எதையும் வெட்டக்கூடாது, துளைக்கக்கூடாது, எப்ப வேணா பழையபடி ஆக்கற மாதிரி இருக்கணும்னாங்க. மத்தவங்க சரின்னாங்க, ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. அதுல ஒருத்தர் எதுக்குமே வேண்டாம்பாரு."

ஜூலை 13

இமோஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனை ஏன் வைத்தேன் என்பதையும்.

"சட்டம் இருக்கற இடத்துலேயே இருக்கட்டும். தூணையும் வழக்கமான பக்கமே நிறுத்தறேன். தந்தியை மட்டும் மாத்திக் கட்டலாம். ஆனா தடிச்ச தந்திக்குக் கீழ சட்டம் இருக்காது, தூண்தான் இருக்கும். கீழ்ச்சுரம் எல்லாம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி வரும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். நல்ல குரலில் பேச நான் யார்?

ஆகஸ்ட் 24

ஆறு தந்தியும் ஏறிவிட்டன. இமோஜன் பாதிரியாரின் முடிச்சுகளை அவிழ்த்து, படம் எடுத்து, உறையில் போட்டு வைத்துவிட்டுப் புதிய மெட்டுகள் கட்டினாள். வில்லையும் அவளே என் கையில் கட்டினாள்.

முதல் இழுப்பு கதவு கிறீச்சிட்டது போல. இரண்டாவது அதைவிட மோசம். மேல்தந்தி இரண்டும் கொஞ்சம் பேசின. கீழ்த்தந்தி போர்வைக்குள்ளிருந்து முனகியது. வலது கை விரல்கள் துடைப்பத்தில் படித்ததில் பாதியை மறந்திருந்தன. முதல் வரியைக்கூட முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.  இமோஜன் குதிரையை ஒரு நூல் நகர்த்தினாள்.

தொடைமேல் அதிர்கிறது. அதை எப்படி எழுதுவது? தொடைமேல் அதிர்கிறது.

செப்டம்பர் 4

விவரத்தில் சேர்த்து அனுப்பியது, 'பார்த்தது' பக்கத்தில்:

"ஐந்தாவது: தந்திகள் இடம் வலமாக மாற்றப்பட்டன. புதிய குதிரை, கழுத்தின் தலைப்பில் தந்திகள் பதியும் புதிய பட்டை. பழைய பட்டை உறையில் உள்ளது. மரம் எங்கும் வெட்டப்படவில்லை. காரணம்: வாசிப்பவரின் இடது கை விரல்கள் இயங்கவில்லை. வாசிப்பவர்: அவெரில் ஸ்டிக்லண்ட், ஓய்வுபெற்ற ஆசிரியை, இவ்வூர்."

'நினைத்தது' பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

பிலிப்பா வீடு. ஆப்பிள் கேக். டெஸ்மண்ட் என் நாற்காலியைத் தூசி தட்டுவதாக நடித்தார்.

மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தோம். பாதி வழியில் பிலிப்பா வில்லால் நோட்டு ஸ்டாண்டைத் தட்டினாள்.

"அவெரில், நீ பின்னால வர்ற."

"வில்லைக் கட்டியிருக்கறதால திருப்பும்போது கை..."

"கையைப் பத்தி யாரு கேட்டா? நீ தாளத்தை எண்ணலை. முன்னாடியும் அந்த இடத்துல எண்ண மாட்ட, இப்பவும் எண்ணலை. முதல்லேர்ந்து."

டெஸ்மண்ட் தன் வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பை அடக்க.

முதலிலிருந்து வாசித்தோம். எண்ணினேன்.